இரண்டு கணு போதுமா?

0/2. மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து சில நாள் கழித்துக் கைக்கு வரும் பயாப்சி ரிப்போர்ட்டில் எல்லாரும் முதலில் தேடுவது கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்பதைத்தான். அதற்குக் கீழே எங்கோ ஒதுங்கிக் கிடக்கும் இந்தப் பின்னத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஹைதராபாத் மல்காஜ்கிரியில், ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தில் கண்டுகொண்டார்கள். கண்டுகொண்டு கலங்கியும் போனார்கள். கீழே இருக்கும் எண், அக்குளிலிருந்து எடுத்த நிணநீர்க் கணுக்கள். மேலே இருப்பது, அவற்றில் புற்று இருந்தவை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் அக்காவுக்கு இதே அறுவை நடந்தபோது ரிப்போர்ட்டில் 0/18 என்று இருந்ததாம். இப்போது தங்கைக்கு 0/2.

“அக்காவுக்குப் பதினெட்டு எடுத்துப் பார்த்தாங்க. எனக்கு ரெண்டோட விட்டுட்டாங்களே, சரியாப் பார்த்தாங்களா சார்?”

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதிலில் பாதி அதே வீட்டில், எதிர் சோபாவில் உட்கார்ந்திருந்தது. அக்காவின் இடது கை வலது கையைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி பருத்திருக்கிறது. பிளவுஸ் தைக்கக் கொடுத்தால் இரண்டு கைக்கும் தனித்தனியாக அளவு கொடுக்க வேண்டும். சார்மினார் பக்கம் லாட் பஜாருக்குப் போனால் வளையலிலும் இடதுக்கு ஒரு சைஸ் பெரிது. மேல்கையின் உள்பக்கம் இன்றுவரை மரத்தே இருக்கிறது. அவரிடமிருந்து எடுத்த பதினெட்டில் ஒன்றில்கூடப் புற்று இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. பதினெட்டும் வேலை செய்துகொண்டிருந்த நல்ல கணுக்கள்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 2020-இல் வெளியிட்ட அறிக்கையில், பதிவேடு உள்ள ஊர்களிலேயே மார்பகப் புற்றுநோய் விகிதம் அதிகமாக இருந்தது ஹைதராபாத்தில். வயது வித்தியாசத்தைச் சமன்செய்து கணக்கிட்டால் ஆண்டுக்கு லட்சம் பெண்களில் 48 பேர். அடுத்த இடம் சென்னைக்கு. நாடு முழுவதும் 2022-இல் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்ததாகக் குளோபோகான் மதிப்பீடு சொல்கிறது. ஆகவே சென்னையிலிருந்து செகந்திராபாத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு இந்த அக்குள் கணக்கு தெரிந்திருப்பது நல்லது.

கணு என்றதும் பாடப் புத்தகத்துக்குப் போக வேண்டியதில்லை. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். தலையில் புண் வந்தால் கழுத்தில் கட்டும். இது நம் பாட்டிமாருக்கெல்லாம் தெரிந்த விஷயம். காலில் பட்ட காயத்துக்குக் கழுத்தில் ஏன் நெறி கட்டுவதில்லை என்று யோசித்தால் விஷயம் பிடிபட்டுவிடும். உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் கழிவுநீர் போய்ச் சேர ஒரு குறிப்பிட்ட கணுக்கூட்டம் இருக்கிறது. ரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் திரவத்தில் பெரும்பகுதி திரும்ப ரத்தத்துக்கே போய்விடுகிறது. மிச்சம் நாளொன்றுக்குச் சில லிட்டர். அதைத் திரட்டிக்கொண்டு போவதுதான் நிணநீர்க் குழாய்கள். வழியில் கணுக்கள் அதை வடிகட்டி, கிருமியோ வேண்டாத அணுவோ இருந்தால் பிடித்துவைக்கின்றன. இந்தக் குழாய்களைப் புழு அடைத்துக்கொண்டால் வருவதுதான் யானைக்கால். அறுவையில் அவற்றை வெட்டிவிட்டால் வருவது அக்காவின் கை. காரணம் வேறு, தேங்கும் நீர் ஒன்றே.

மார்பகத்தின் நிணநீரில் முக்கால் பங்குக்கும் மேல் அதே பக்கத்து அக்குளுக்குத்தான் போகிறது. அங்கே ஏறத்தாழ இருபது முதல் முப்பது கணுக்கள், கொழுப்புக்குள் புதைந்து கிடக்கின்றன. எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். எல்லாக் கணுவுக்கும் நிணநீர் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதில்லை. சஃபில்குடா ஏரிக்கரையில் காலை நடை போகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. இந்த ஊர் ஏரிகள் பலவும் சங்கிலியாக வெட்டப்பட்டவை. மேல் ஏரி நிரம்பி வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். மேலே சாக்கடை கலந்தால் முதலில் நாறுவது முதல் ஏரி. அது சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், கீழே உள்ள ஏரிகளை எல்லாம் தோண்டிப் பார்க்க அவசியம் இல்லை. கட்டியிலிருந்து கிளம்பும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவுக்குச் சென்டினல் நோட், அதாவது காவல் கணு என்று பெயர். அந்த ஒன்றையோ, பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்றையோ கண்டுபிடித்து எடுத்துச் சோதிப்பதுதான் காவல் கணு பயாப்சி.

இவ்வளவு எளிய யோசனை ஏன் நூறு வருடம் தாமதமாக வந்தது? அதற்குக் காரணம், அக்குள் கணுக்களைப் பற்றி மருத்துவம் நெடுங்காலம் வைத்திருந்த ஒரு தப்பெண்ணம்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894-இல் தம் 50 நோயாளிகளின் கதையை வெளியிட்டார். மார்பகம், அதற்கு அடியில் உள்ள நெஞ்சுத் தசை, அக்குள் கொழுப்பும் கணுக்களும் என எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்துவிடுவது அவருடைய முறை. புற்றுநோய் ஒழுங்காக, படிப்படியாகப் பரவுகிறது. கட்டியிலிருந்து கணுவுக்கு, கணுவிலிருந்து உடம்புக்கு. ஆகவே கணுவரை வெட்டி எடுத்துவிட்டால் நோயின் வழியை அடைத்துவிடலாம் என்பது அவர் தர்க்கம். கட்டிகள் பெரிதாகி, புண்ணாகி வந்த காலம் அது. அவர் முறையால் நெஞ்சில் நோய் திரும்பி வருவது குறைந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்தத் தர்க்கத்தை யாரும் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கவில்லை. முக்கால் நூற்றாண்டு அப்படியே ஓடியது.

சோதித்துப் பார்த்தவர் பெர்னார்ட் ஃபிஷர். 1971-இல் அமெரிக்காவில் தொடங்கிய பி-04 ஆய்வில், அக்குளில் கைக்குத் தட்டுப்படும் கணு இல்லாத 1,079 பெண்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஹால்ஸ்டெட் வழி முழு அறுவை. இன்னொன்றுக்கு மார்பகத்தை மட்டும் எடுத்துவிட்டு அக்குளுக்கு ரேடியேஷன். மூன்றாவது பிரிவில் மார்பகத்தை மட்டும் எடுத்தார்கள். அக்குளைத் தொடவே இல்லை. பின்னால் நெறி கட்டினால் அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். முழு அறுவை நடந்த பிரிவைப் பார்த்தால், தொடாமல் விட்டவர்களிலும் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்குக் கணுவில் புற்று இருந்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் பின்னால் அக்குளில் நோய் தலைகாட்டியது அதில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே. 25 வருடம் தொடர்ந்து கவனித்து, மூன்று பிரிவிலும் உயிர் பிழைத்தவர்களின் விகிதத்தை ஒப்பிட்டு 2002-இல் வெளியிட்டார்கள். வித்தியாசம் இல்லை.

ஏரிச் சங்கிலி உவமை உடையும் இடமும் இதுதான். புற்றணு நிணநீரை மட்டும் நம்பி இருப்பதில்லை. நேராக ரத்தத்திலும் இறங்கும். கணுவில் புற்று இருந்தால், அணுக்கள் ஊரைவிட்டுக் கிளம்பத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அவற்றைக் கணு அங்கேயே தடுத்து நிறுத்திவைத்திருக்கிறது என்று அர்த்தம் அல்ல. கட்டி சிறிதாக, அக்குளில் எதுவும் தட்டுப்படாமல் வருபவர்களுக்கு அக்குள் அறுவை என்பது வைத்தியத்தைவிட விசாரணை என்பதே சரி. கீமோ வேண்டுமா, எந்த மருந்து, எங்கெல்லாம் ரேடியேஷன் என்று முடிவெடுக்கக் கணுவின் சேதி தேவைப்பட்டது. அதற்காகத்தான் எழுபதுகளுக்குப் பின்னும் எல்லாரிடமிருந்தும் கூண்டோடு கணுக்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சேதிக்குப் பெண்கள் கொடுத்த விலைதான் வீங்கிய கை. அதற்குப் பிந்தைய முப்பது வருட வரலாறு, அதே சேதியை மலிவாக வாங்க முடியுமா என்று பார்த்த வரலாறு.

பராகுவே நாட்டைச் சேர்ந்த ரமோன் கபானாஸ் 1977-இல், ஆண்குறிப் புற்றுநோயில் முதலில் பாதிக்கப்படும் கணு எது என்று தேடி எழுதினார். அந்தக் கணு எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருக்கும் என்று அவர் நம்பினார்; மற்றவர்கள் தேடிப்போனபோது அது பொய்த்தது. தோல் புற்றுநோயான மெலனோமாவில் வேலை செய்த டொனால்ட் மார்ட்டன் இதைத் திருத்தினார். 1992-இல் அவர் சொன்னது: கணு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தைக் கேட்காதே, அந்த நோயாளியின் உடம்பையே கேள். கட்டி இருந்த இடத்தில் நீலச் சாயத்தை ஊசியில் ஏற்றினால், நிணநீர் அதை இழுத்துக்கொண்டு போகும். எந்தக் கணு முதலில் நீலமாகிறதோ அதுதான் அவருக்குக் காவல் கணு. அடுத்த வருடமே டேவிட் கிராக் மார்பகப் புற்றுநோயில் சாயத்துக்குப் பதில் கதிரியக்கத் துகளைப் பயன்படுத்தினார். 22 பேரில் 18 பேருக்குக் கணு அகப்பட்டது. 1994-இல் அர்மாண்டோ ஜூலியானோ நீலச் சாயத்தால் 174 அறுவைகளில் தேடி 114-இல் கண்டுபிடித்தார். மூன்றில் ஒன்று தோல்வி. முதல் தொகுப்பிலேயே இப்படி வெளிப்படையாக எழுதிய கட்டுரையை நான் மெச்சுகிறேன். அகப்பட்டவற்றில் சுமார் 95 சதவீதம் அக்குளின் நிலையைச் சரியாகச் சொன்னது. சாயமும் கதிரியக்கமும் சேர்ந்து, கையும் பழகியபின், கண்டுபிடிக்கும் விகிதம் 97 சதவீதத்தைத் தொட்டது.

ஆபரேஷன் தியேட்டருக்குள் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். நோயாளி மயங்கியதும், முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் அடியில் சில மில்லி நீலச் சாயத்தைச் செலுத்துகிறார்கள். மார்பகத்தின் நிணநீர் வலை அங்கேதான் அடர்த்தி. பிறகு அஞ்சு நிமிடம் அந்த இடத்தை உள்ளங்கையால் நிதானமாக அழுத்தித் தேய்க்கிறார்கள். அதற்குள் சாயம் அக்குள் நோக்கிக் கிளம்பியிருக்கும். அக்குள் முடி தொடங்கும் இடத்தில் சில சென்டிமீட்டர் கீறல். மஞ்சள் கொழுப்பை மெல்ல விலக்கிக்கொண்டே போனால், நூலளவு நீலக் கோடு ஒன்று தெரியும். அதுதான் சாயம் ஏந்திய குழாய். அதை அறுத்துவிடாமல் பின்தொடர்ந்தால் நீலம் பாய்ந்த கணுவில் போய் முடியும். அவசரப்பட்டுக் கோட்டை அறுத்தால் சாயம் கொழுப்பெல்லாம் பரவி, எது கணு என்றே தெரியாமல் போய்விடும். கதிரியக்கமும் கொடுத்திருந்தால் பேனா போன்ற காமா புரோபை அக்குளில் நகர்த்துவார்கள். கணுவை நெருங்க நெருங்க அதன் கீச்சொலி வேகமெடுக்கும். எடுத்த கணுவை வெளியே வைத்து அதன் கீச்சொலி எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, திரும்பவும் அக்குளைத் தேடுவார்கள். அதிகம் கீச்சிட்ட கணுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கீச்சிடும் எதையும் விடுவதில்லை. கடைசியில் விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பதும் விதிதான். முழுக்கப் புற்று அடைத்த கணுவுக்குள் சாயமும் போகாது, துகளும் போகாது. அது கையில்தான் தட்டுப்படும்.

நீலச் சாயம் சில வேடிக்கைகளும் காட்டும். விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் திடீரென்று ஆக்சிஜன் இறங்கிவிட்டதாகக் காட்டும். உண்மையில் இறங்கியிருக்காது. அந்தக் கருவி ரத்தத்தின் நிறத்தைச் சிவப்பு ஒளியில் பார்த்துத்தான் கணக்கிடுகிறது. நம் ஊர் நீலச் சாயமான மெத்திலின் புளூ அதே அலைநீளத்தை விழுங்கிவிடும். பழகிய மயக்க மருத்துவர் பதற மாட்டார். மறுநாள் சிறுநீர் பச்சை நீலமாக வரும். இதை முன்கூட்டிச் சொல்லாத வார்டுகளில் வீட்டார் படும் பதற்றம் கொஞ்சமல்ல. ஆனால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கும், சில வகை மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் மெத்திலின் புளூ ஆகாது. தோலுக்குள்ளேயே ஏற்றிவிட்டால் தோல் கறுத்து அழுகவும் செய்யும். மேல்நாடுகளில் பயன்படுத்தும் பேட்டன்ட் புளூ சாயத்தில் இந்தத் தோல் தொல்லை கிடையாது. அங்கே பயப்பட வேண்டியது, சிலருக்கு வரும் கடும் ஒவ்வாமைக்கு.

எடுத்த கணு நோயியல் மருத்துவரிடம் போகிறது. அவசரம் என்றால் அதை உறையவைத்து, மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, அரைமணியில் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நோயாளி அதுவரை மேசையில் மயக்கத்தில்தான் இருப்பார். நிதானமான பரிசோதனையில் கணுவை இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு துண்டாக நறுக்கிப் பார்க்கிறார்கள். இரண்டு மில்லிமீட்டர் என்பது சும்மா வந்த எண் அல்ல; அதைவிடப் பெரிய புற்றுத் திட்டுதான் பெரும் பரவல். 0.2-க்கும் 2 மில்லிமீட்டருக்கும் இடையில் இருந்தால் நுண்பரவல். அதற்கும் கீழே சில அணுக்கள் மட்டும் தெரிந்தால் கணுவைச் சுத்தம் என்றே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். தங்கையின் பயத்துக்குப் பதில் இங்கே இருக்கிறது. பதினெட்டுக் கணுவை ஒரே ஆள் ஒன்றிரண்டு சீவலில் பார்ப்பதைவிட, சரியான இரண்டை நுணுக்கி நுணுக்கிப் பார்ப்பது நம்பகமானது.

சரியான இரண்டுதானா என்பதுதான் அடுத்த சந்தேகம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 5,611 பெண்களை வைத்து நடந்த பி-32 ஆய்வு இதைத்தான் கேட்டது. பத்தில் ஏழு பேருக்குக் காவல் கணு சுத்தமாக இருந்தது. அவர்களில் ஒரு பிரிவுக்கு அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்றப் பிரிவுக்கு மிச்சக் கணுக்களையும் எடுத்தார்கள். எடுத்துப் பார்த்ததில், கணுவில் புற்று உள்ளவர்களில் பத்தில் ஒருவரைக் காவல் கணு ஏமாற்றியிருந்தது தெரிந்தது. இது சிறிய பிழை இல்லை. ஆனால் 2010-இல் வெளிவந்த முடிவைப் பாருங்கள்: காவல் கணுவோடு நிறுத்தியவர்களில் பின்னால் அக்குள் பகுதிக் கணுக்களில் நோய் வந்தது 0.7 சதவீதத்துக்கு, எல்லாம் எடுத்தவர்களில் 0.4 சதவீதத்துக்கு. ஆயுளில் வித்தியாசம் இல்லை. தப்பித்த புற்றணுக்களில் பலவற்றை மருந்தும் ரேடியேஷனும் பார்த்துக்கொண்டன. சில வளரவே இல்லை. கை விஷயத்தில் வித்தியாசம் வெளிப்படையானது. பல ஆய்வுகளைத் திரட்டி 2013-இல் போட்ட கணக்கில், அக்குளை முழுதாக எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கியிருந்தது. காவல் கணு மட்டும் எடுத்தவர்களில் இருபதில் ஒருவருக்கு.

அடுத்து வந்த ஆய்வு எனக்கு இதையெல்லாம்விடத் துணிச்சலாகப் படுகிறது. காவல் கணுவில் புற்று இருந்தால் மிச்சத்தையும் எடுத்தே ஆக வேண்டுமா? அதே ஜூலியானோ 2011-இல் வெளியிட்ட இஸட்-11 ஆய்வில், ஒன்றோ இரண்டோ கணுவில் புற்று இருந்த 891 பெண்களில் பாதிப் பேருக்கு மேற்கொண்டு எதையும் எடுக்கவில்லை. பத்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அவர்களில் 86 சதவீதம்; எல்லாம் எடுத்தவர்களில் 84 சதவீதம். ஆனால் இந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லாரும் மார்பகத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்கள், ரேடியேஷனும் திட்டமிடப்பட்டவர்கள். நம் ஊரில் மார்பகத்தை முழுதாக எடுத்துவிடுங்கள் என்று தாமே கேட்கும் பெண்கள் அதிகம். அவர்களுக்கு இந்த முடிவு பொருந்துமா என்று பல வருடம் இழுபறியாகவே இருந்தது. மார்பகம் முழுதும் எடுத்தவர்களையும் சேர்த்துக்கொண்ட செனோமாக் ஆய்வு 2024-இல் வந்த பிறகுதான் அவர்கள் விஷயத்திலும் கை தயங்காமல் நிறுத்த முடிகிறது. அங்கேயும் பெரும்பாலோர் ரேடியேஷன் எடுத்தார்கள் என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஹைதராபாத்துக்கு வசதி இல்லாமல் இல்லை. அரசு எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனை ரெட் ஹில்ஸில் இருக்கிறது. நிம்ஸ் பஞ்சாகுட்டாவில். பசவதாரகம் பஞ்சாரா ஹில்ஸில். செகந்திராபாத்தில் மார்பக நோய்களுக்கென்றே கிம்ஸ்-உஷாலட்சுமி மையம் 2007-லிருந்து இயங்குகிறது. ஆனால் மல்காஜ்கிரி, ஆனந்த்பாக் பக்கம் கட்டி என்று போகும் பெண் முதலில் ஏறுவது பக்கத்துத் தெரு நர்சிங் ஹோம் படி. அங்கே அறுவை நிபுணர் இருப்பார். அணு மருத்துவத் துறை இருக்காது. காமா புரோபுக்கு வேண்டிய டெக்னீஷியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் சரக்கு. காலையில் தயாரித்தால் மறுநாள் காலை மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. வாங்கி அலமாரியில் வைக்க முடியாது. அதன் தாய்த் தனிமமான மாலிப்டினம் அடங்கிய ஜெனரேட்டரை வரவழைத்து அதிலிருந்து அன்றன்று கறந்துகொள்ள வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் வேண்டும். இதனால்தான் நம் நாட்டில் பல இடங்களில் நீலச் சாயத்தை மட்டும் வைத்துக் காவல் கணு தேடுகிறார்கள். அதுவும் இல்லாத இடத்தில் பழையபடி பதினெட்டு.

இந்த இக்கட்டுக்கு மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனை கண்ட வழி சுவையானது. வாணி பர்மார், ராஜேந்திர பட்வே குழுவினர் சாயத்தையும் கதிரியக்கத்தையும் ஒதுக்கிவிட்டு உடற்கூற்றைக் கேட்டார்கள். அக்குளுக்குள் விலா எலும்புகளுக்கு இடையிலிருந்து வெளிவந்து மேல்கைக்குப் போகும் ஒரு உணர்வு நரம்பு உண்டு. அக்காவின் கை மரத்துப்போனதற்குக் காரணமான அதே நரம்பு. அதற்குக் கீழே இருக்கும் கொழுப்பையும் அதில் உள்ள சில கணுக்களையும் மட்டும் எடுத்துச் சோதித்தால் என்ன? 478 பெண்களுக்கு இதையும் செய்து, காவல் கணுவையும் தேடி, பிறகு முழு அக்குளையும் எடுத்து ஒப்பிட்டார்கள். 2013-இல் வந்த முடிவில் இரண்டும் தவறவிட்டது ஏறக்குறைய ஒரே அளவு. கத்தியும், நரம்பைக் கண்டுகொள்ளும் கண்ணும் போதும். ஐசோடோப்பு வேண்டாம், புரோபு வேண்டாம். இந்த ஆய்வுக்கு நம் மாவட்டத் தலைநகரங்களில் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். கருவி விற்கப்படாத முறைக்குப் பிரசாரம் செய்ய ஆள் இருப்பதில்லை.

லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் கௌரவ் அகர்வால் குழு வேறு பக்கத்திலிருந்து வந்தது. விழித்திரையைப் படமெடுக்கக் கண் மருத்துவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் ஃபுளோரசீன் சாயம் மலிவு. அதை ஊசியில் ஏற்றி, தியேட்டர் விளக்கை அணைத்துவிட்டு, நீல எல்.இ.டி. வெளிச்சத்தில் பார்த்தால் கணு பச்சையாக ஒளிர்கிறது. மெத்திலின் புளூவோடு சேர்த்துக் கொடுத்தால் கதிரியக்கத் துகளுக்குச் சமமாக வேலை செய்வதாக 2020-இல் எழுதினார்கள். இதையே அகச்சிவப்பில் ஒளிரும் இன்டோசயனின் கிரீனை வைத்தும் செய்யலாம். அதற்கு விலையுயர்ந்த கேமரா வேண்டும்.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கல், நோயாளி வரும் நேரம். இந்தியாவில் மார்பகப் புற்றுநோயில் பாதிக்கும் மேல் கட்டி பெரிதாகி, அக்குளில் நெறி கட்டிய பிறகே கண்டுபிடிக்கப்படுகிறது. இவர்களுக்கு முதலில் கீமோ, பிறகுதான் அறுவை. கீமோ கணுக்களைச் சுருக்கும், வழிகளைத் தழும்பால் அடைக்கும். ஒரு கணுவில் புற்று செத்திருக்கும், பக்கத்தில் பிழைத்திருக்கும். இந்த அக்குளில் காவல் கணு கூடுதலாகப் பொய் சொல்லும். அதனால் இரண்டு வகைத் தடங்காட்டி, குறைந்தது மூன்று கணு, முதலிலேயே புற்று உறுதியான கணுவில் ஒரு சின்ன உலோகக் கிளிப்பை வைத்துப் பின்னால் அதையே தேடி எடுப்பது என்று கட்டுப்பாடுகள் கூடுகின்றன. கீமோவுக்குப் பிந்தைய அக்குளில் நரம்புக்குக் கீழ் எடுக்கும் தங்கள் முறை காவல் கணுவைவிடக் குறைவாகத் தவறவிடுகிறது என்று டாட்டா குழு 2020-இல் காட்டியது. கீமோவுக்குப் பிறகும் கணுக்கள் பருத்தே இருந்தால் முழு அக்குள் அறுவைதான். அங்கே அது விசாரணை இல்லை, வைத்தியமே. அப்படி எடுத்துக்கொண்டவர்களும் கையைக் கட்டிப்போட்டு உட்கார வேண்டியதில்லை. கை வீங்கியவர்கள் மெல்ல மெல்லப் பளு கூட்டித் தூக்கிப் பழகினால் வீக்கம் ஏறுவதில்லை என்று அமெரிக்காவில் 141 பெண்களை வைத்து 2009-இலேயே நிரூபித்தாயிற்று. குடம் தூக்காதே, பேரனைத் தூக்காதே என்று வீட்டில் போடும் தடைகளுக்கு அதற்குப் பிறகு ஆதாரம் இல்லை.

இப்போது உலகம் கேட்டுக்கொண்டிருப்பது, அந்த இரண்டு கணுவாவது வேண்டுமா என்று. மிலான் நகரை மையமாகக் கொண்டு நடந்த சவுண்ட் ஆய்வில், கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள், அக்குள் அல்ட்ராசவுண்டில் சந்தேகம் இல்லை என்ற 1,463 பெண்களில் ஒரு பாதிக்குக் காவல் கணு பயாப்சி, மறுபாதிக்கு அக்குளில் எதுவுமே செய்யவில்லை. பயாப்சி செய்தவர்களில் ஏழில் ஒருவருக்குக் கணுவில் புற்று இருந்தது. அப்படியென்றால் செய்யாதவர்களிலும் ஏறக்குறைய அதே அளவு பேருக்கு இருந்திருக்கும். 2023-இல் வந்த ஐந்தாண்டு முடிவில் உடம்பின் வேறு இடங்களுக்கு நோய் பரவாமல் இருந்தவர்கள் இரு பக்கமும் 98 சதவீதத்தை ஒட்டியே இருந்தார்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடந்த இன்சீமா ஆய்வும் 2024-இல் அதையே சொன்னது. ஃபிஷர் 1971-இல் தொடாமல் விட்ட அக்குளுக்கு மருத்துவம் சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது. இந்த முறை மருந்துகளின் துணையோடு.

இதில் நமக்கு ஒரு முரண் இருக்கிறது. எல்லாவற்றிலும் நவீனமான வழி, எல்லாவற்றிலும் மலிவானது: சாயம் இல்லை, புரோபு இல்லை, அக்குளில் கீறலே இல்லை. ஆனால் அது பொருந்துவது பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய, மாதவிலக்கு நின்ற, சிறிய, ஹார்மோனுக்குக் கட்டுப்படும் கட்டியோடு வருகிறவர்களுக்கு. இந்தியப் பெண்களுக்கு இந்த நோய் மேல்நாட்டவரைவிட ஏறக்குறைய பத்து வருடம் முன்னதாக வருகிறது, கட்டியும் பெரிதாக வருகிறது. இன்றைக்கு இந்தச் சலுகைக்குத் தகுதி பெறுகிறவர்கள் இங்கே குறைவு. தகுதி பெறுகிறவர்களுக்கும் எல்லாம் அந்த அக்குள் அல்ட்ராசவுண்டைப் பொறுத்தது. மார்பகத்தைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு அக்குளில் புரோபை ஒரு தடவு தடவி எடுத்துவிட்டால், அதை நம்பிக் கத்தியைக் கீழே வைக்க எந்த அறுவை நிபுணரும் துணிய மாட்டார். கணுவின் புற அடுக்கு எத்தனை மில்லிமீட்டர் தடித்திருக்கிறது, நடுவில் இருக்க வேண்டிய கொழுப்பு இருக்கிறதா, சந்தேகமான கணுவில் ஊசி போட்டுப் பார்த்தார்களா என்று எழுதிய ரிப்போர்ட் வேண்டும். மல்காஜ்கிரி ஸ்கேன் சென்டரில் கொடுக்கும் தாளில் அக்குளுக்கு என்று தனிப் பத்தி இருக்கிறதா, அல்லது கடைசியில் ஒற்றை வரியா என்று பணம் கட்டி வாங்கும்போதே பார்த்துக்கொள்ளலாம். ஒற்றை வரிதான் என்றால் திரும்ப உள்ளே போய்க் கேட்கலாம்.